கடல் தாண்டும் யோக்கியதை

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குச் செல்லும் விமானம் கிளம்பிய சில நிமிஷங்களுக்கெல்லாம் கரை கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. அதன் பின்னர் சுமார் இரண்டு மணி நேரம் வங்காள விரிகுடாவைத் தவிரக் கீழே வேறொன்றும் இல்லை. விமானத்தில் அமர்ந்திருக்கும் பிரயாணி டிக்கெட்டின் விலையை விசாரித்திருப்பார். கிளம்பும் நேரத்தையும் சேரும் நேரத்தையும் விசாரித்திருப்பார். விமானத்தைச் செலுத்துகிறவர் கடலைக் கடப்பதற்கு என்ன யோக்கியதை பெற்றவர் என்று மட்டும் அவர் விசாரிப்பதில்லை. விசாரிக்க அவருக்கு வழியும் இல்லை. ரெயில் வண்டியில் ஏறுகிறவன் எஞ்சின் டிரைவரைப் பரீக்ஷை செய்துவிட்டு ஏறுவதில்லையன்றோ? அவன் சார்பில் அந்தப் பரீக்ஷையை நடத்தவேண்டிய பொறுப்பு சர்க்காருடையது. அப்பரீக்ஷை போதுமானதா என்று பார்க்கவேண்டிய பொறுப்பு பொதுஜனங்களுடையது. இந்த இரண்டாவது பொறுப்பை நம்மவர் இதுவரை அதிகமாக நினைத்துப் பார்த்ததில்லை.

கடல் மார்க்கம் நில மார்க்கத்தைப் போன்றதன்று. நிலத்தின் மேல் செல்லும் விமானி கீழே ஊர்களையும் ஆறுகளையும் காண்கிறார். ராடார் நிலையங்கள் அவரைக் கண்காணிக்கின்றன. ரேடியோவில் பேசினால் தரையிலிருந்து உடனே பதில் வருகிறது. கெடுதல் நேர்ந்தால் இறங்குவதற்கு அருகில் ஏதேனும் ஒரு விமான நிலையம் கிடைக்கிறது. நடுக்கடலில் இவை ஒன்றும் இல்லை. கரையைத் தாண்டிச் சில நூறு மைல் சென்றபின் தரையிலுள்ள ராடாரும் எட்டுவதில்லை. சாதாரண ரேடியோவும் எட்டுவதில்லை. இருட்டிவிட்டால் வானம் எது, நீர் எது என்று பிரித்தறிய அடிவானக் கோடும் தெரிவதில்லை. எஞ்சின் நின்றால் இறங்குமிடம் இரண்டு மணி நேரத்துக்கு அப்பால் இருக்கலாம். ஆகவே நிலத்தின் மேல் திறமையாக விமானம் ஓட்டுகிறவர் எல்லோரும் கடலைத் தாண்டுவதற்கும் தகுதியுடையவர் என்று கொள்வதற்கில்லை.

சட்டம் கேட்பது என்ன?

1944-ம் ஆண்டு டிசம்பர் 7-ந் தேதி சிகாகோ நகரில் கையெழுத்தான சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து உடன்படிக்கைதான் இவ்விஷயத்தில் மூலாதாரம். ஒவ்வொரு தேசத்துக்கும் தன் எல்லைக்கு மேலுள்ள ஆகாயத்தில் பூரண அதிகாரம் உண்டென்று அதன் முதல் ஷரத்து கூறுகிறது. அப்படியானால், எந்த தேசத்துக்கும் சொந்தமல்லாத நடுக்கடலின் மேல் யாருடைய விதி செல்லும்? 12-வது ஷரத்து இதற்கு விடையளிக்கிறது. அங்கே இந்த உடன்படிக்கையின் கீழ் ஏற்பட்ட விதிகளே செல்லும். 32-வது ஷரத்தின்படி, சர்வதேசப் பிரயாணம் செய்யும் விமானத்தின் விமானிகளுக்கும் மற்றச் சிப்பந்திகளுக்கும் அவ்விமானம் பதிவாகியிருக்கும் தேசம் சான்றிதழ் அளிக்கவேண்டும் அல்லது பிற தேசத்தின் சான்றிதழை அங்கீகரிக்கவேண்டும். குறைந்தபட்ச அளவுக்குத் தாழாமல் அளிக்கப்பட்ட சான்றிதழை மற்ற தேசங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும் என்கிறது 33-வது ஷரத்து.

ஆகவே ஒரு தேசம் தன் விமானிக்கு வழங்கும் சான்றிதழ் உலகம் முழுவதும் செல்லுபடியாகும் உண்டியலைப் போன்றது. உண்டியலை எழுதிக் கொடுத்த வியாபாரியின் பெட்டியில் பணம் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் ஒரு நாள் அது திரும்பி வரும். சான்றிதழுக்குப் பின்னால் இருக்கவேண்டிய பணம் விமானியின் உண்மையான பயிற்சியே.

அந்தப் பயிற்சியைப் பற்றி விதிகள் என்ன சொல்லுகின்றன? காப்டன் பதவிக்கு உரிய உயர்ந்த சான்றிதழைப் பெறக் குறைந்தது 1,500 மணி நேரம் பறந்திருக்கவேண்டும் என்பது உடன்படிக்கையின் முதல் அநுபந்தம். குறிப்பிட்ட ஒரு மார்க்கத்தில் காப்டனாகச் செல்கிறவர் அங்குள்ள பருவ நிலை, செய்தித் தொடர்பு முறைகள், நீண்டதூர மார்க்க நிர்ணய முறைகள், ஆபத்தில் சிக்கியவர்களைத் தேடி மீட்பதற்கான ஏற்பாடுகள் ஆகியவற்றைத் தாம் அறிந்திருப்பதாக நிரூபிக்கவேண்டும் என்கிறது ஆறாவது அநுபந்தம். மேலும், முந்திய 12 மாதங்களுக்குள் ஒரு தடவையேனும் அவர் அந்தப் பிரதேசத்தில் பிரயாணம் செய்திருக்கவேண்டும். அதை விமானியாகவும் செய்யலாம், பரீக்ஷகராகவும் செய்யலாம், விமானிகளின் அறையில் அமர்ந்து பார்ப்பவராகவும் செய்யலாம். விமானத்துக்கும் நிபந்தனைகள் உண்டு. கரையிலிருந்து 50 கடல் மைலுக்கு அப்பால் செல்வதானால் ஒவ்வொருவருக்கும் ஒரு மிதவைச் சட்டை வேண்டும். பெரிய விமானங்கள் 400 கடல் மைல் அல்லது இரண்டு மணி நேரப் பறப்பு, இவ்விரண்டில் எது குறைவோ அந்தத் தூரத்துக்கு அப்பால் சென்றால், எல்லோரையும் ஏற்றக்கூடிய ரப்பர் தோணிகள் வேண்டும்.

இவை நல்ல விதிகள். ஆனால், எண்ணக்கூடியவற்றையே விதி எளிதில் பிடித்துக்கொள்கிறது. மணிகளை எண்ணலாம், தடவைகளை எண்ணலாம், சட்டைகளையும் தோணிகளையும் எண்ணலாம். 1,500 மணி நேரத்தில் எத்தனை மணி விமானி தம் கையால் ஓட்டினார், எத்தனை மணி யந்திரம் ஓட்ட அவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது அந்தக் கணக்கில் வராது. பன்னிரண்டு மாதத்தில் அவர் சென்ற ஒரே பிரயாணம் காற்றும் மழையும் அற்ற அமைதியான இரவாக இருந்தாலும் விதி பூர்த்தியாகிவிடும். விதி சொல்லும் அளவு அடித்தளம். அதையே கூரை என்று எண்ணி நின்றுவிட்ட இடங்களிலெல்லாம் கடல் வட்டியோடு வசூல் செய்திருக்கிறது என்பதைச் சரித்திரம் காட்டுகிறது.

முன்னோர் கற்ற பாடம்

1919-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஆல்காக், பிரௌன் என்ற இருவர் நியூபவுண்ட்லாந்திலிருந்து கிளம்பி, சுமார் 16 மணி நேரத்தில் அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்து அயர்லாந்தில் இறங்கினர். இடையில் எங்கும் இறங்காமல் அந்தச் சமுத்திரத்தை விமானத்தில் கடந்தவர்களில் அவர்களே முதல்வர். விமானத்தை ஓட்டியவர் ஆல்காக். ஆனால் அவ்விமானம் அயர்லாந்தைச் சேர்ந்ததற்குப் பிரௌன் முக்கிய காரணம். அவர் யுத்தக் கைதியாக இருந்த காலத்தில் மார்க்க நிர்ணய சாஸ்திரத்தில் தம் அறிவை வளர்த்துக்கொண்டவர். மேகத்துக்கும் பனிக்கும் இடையே கிடைத்த சில கண நேரங்களில் சூரியனையும் நட்சத்திரங்களையும் அளந்து இருப்பிடத்தைக் கணக்கிட்டார். கடலைக் கடப்பதற்கு ஓட்டும் கை ஒன்று, வழி காணும் மூளை ஒன்று என இரண்டு வேண்டும் என்பது அன்றே ருசுவாயிற்று.

இந்தப் பாடத்தை நன்கு உணர்ந்து நடந்தது அமெரிக்காவின் பான் அமெரிக்கன் கம்பெனி. 1935-ம் ஆண்டு நவம்பர் 22-ந் தேதி 'சைனா கிளிப்பர்' என்ற அதன் நீர்விமானம் ஸான் பிரான்ஸிஸ்கோ வளைகுடாவிலிருந்து தபால்களுடன் கிளம்பி, ஹோனலூலு, மிட்வே, வேக், குவாம் ஆகிய தீவுகளின் வழியாக 29-ந் தேதி மணிலா சேர்ந்தது. அதில் சென்ற சிப்பந்திகள் ஏழு பேர். காப்டன் எட்வின் மியூஸிக். வழிகாணும் நிபுணர் பிரெட் நூனன். அக்கம்பெனியில் விமானியாகச் சேருகிறவர் நேரே காப்டன் ஆசனத்தில் அமர முடியாது. மார்க்க நிர்ணயம், ரேடியோ, எஞ்சின் ஆகிய துறைகளிலும் பயிற்சி பெற்றுப் படிப்படியாக ஏறவேண்டும். எல்லாவற்றையும் கடந்தவருக்கே 'சமுத்திர நீர்விமானத் தலைவர்' என்ற பொருள்படும் பட்டம் கிடைக்கும். சர்க்கார் கேட்ட யோக்கியதைக்கு மேல் அந்தக் கம்பெனி தானாகவே கேட்டது. அதன் கீர்த்திக்கு அஸ்திவாரம் இதுவே.

அதே நூனன் இரண்டு ஆண்டுகளுக்குப் பின் வேறொரு பிரயாணத்தில் மறைந்தார். 1937-ம் ஆண்டு ஜூலை 2-ந் தேதி அவரும் புகழ்பெற்ற விமானி அமீலியா இயர்ஹார்ட் அம்மையாரும் நியூகினியிலுள்ள லேயிலிருந்து ஹௌலண்ட் தீவை நோக்கிப் பறந்தனர். 2,500 மைலுக்கு அப்பால், சுமார் ஒன்றரை மைல் நீளமும் அரை மைல் அகலமுமே உள்ள தீவு அது. அங்கே அவர்களுக்காக 'இட்டாஸ்கா' என்ற கப்பல் காத்திருந்தது. அம்மையாரின் குரல் கப்பலில் பலமாகக் கேட்டது. கப்பலிலிருந்து பேசிய குரல் அவருக்குக் கேட்கவில்லை. எந்த அலைவரிசையில் பேசுவது, யார் யாருடைய திசையை அளப்பது என்பதில் இரு தரப்பாருக்கும் முன்கூட்டியே தெளிவான ஏற்பாடு இல்லை. தந்தி முறையில் செய்தி பரிமாற இருவருக்கும் போதிய தேர்ச்சி இல்லை. தைரியத்திலும் புகழிலும் குறைவற்ற ஒரு விமானியும், பசிபிக் மார்க்கத்தை வகுத்த ஒரு நிபுணரும் சேர்ந்து சென்றும், ரேடியோவை முழுமையாக ஆளும் மூன்றாவது யோக்கியதை இல்லாமல் போயிற்று. கடல் மார்க்கத்தில் ஒரு யோக்கியதைக்கு மற்றொன்று ஈடாகாது.

முப்பத்தொரு உயிர்கள்

யோக்கியதை இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 1956-ம் ஆண்டு அக்டோபர் 16-ந் தேதி ஹோனலூலுவிலிருந்து ஸான் பிரான்ஸிஸ்கோவுக்குச் சென்ற பான் அமெரிக்கன் விமானத்தின் நான்கு எஞ்சின்களில் இரண்டு நடுவழியில் கெட்டன. முன்னே செல்லவும் பின்னே திரும்பவும் போதிய சக்தி இல்லை. காப்டன் ரிச்சர்ட் ஆக், அப்பகுதியில் நிறுத்தப்பட்டிருந்த 'பாண்ட்சார்ட்ரெய்ன்' என்ற அமெரிக்கக் கடலோரக் காவற்படைக் கப்பலை அடைந்து, இரவு முழுவதும் அதைச் சுற்றிச் சுற்றிப் பறந்தார். உடனே நீரில் இறங்கியிருக்கலாம், இறங்கவில்லை. இருட்டில் அலையின் உயரம் தெரியாது. விடியும்வரை பறந்தால் எரிபொருளும் குறைந்து விமானம் இலகுவாகும். முந்திய ஆண்டில் அதே ஜாதி விமானம் ஒன்று கடலில் இறங்கியபோது வால்பகுதி ஒடிந்தது அவருக்குத் தெரியும். ஆகவே பின்புறத்தில் இருந்த பிரயாணிகளை முன்புறத்துக்கு மாற்றும்படி உத்தரவிட்டார். விடிந்தபின் இறக்கினார். அவர் நினைத்தது போலவே வால் ஒடிந்தது. விமானத்திலிருந்த 31 பேரும் பிழைத்தனர்.

இதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்குண்டு. அருகில் கப்பல் இருந்தது. ஆயினும் இரவெல்லாம் பொறுத்திருந்ததும், பழைய விபத்தின் விவரத்தை மனத்தில் வைத்திருந்ததும், பிரயாணிகளுக்கு வேண்டியதை முன்கூட்டியே சொல்லித் தயார் செய்ததும் அதிர்ஷ்டத்தின் காரியமல்ல.

காலியான ஆசனம்

அக்காலத்து நீண்டதூர விமானங்களில் வழிகாணும் நிபுணருக்குத் தனி ஆசனமும் தனிச் சான்றிதழும் உண்டு. பின்னர், விமானத்தின் ஒவ்வோர் அசைவையும் தானே கூட்டிக் கழித்து இருப்பிடத்தைச் சொல்லும் கருவிகள் வந்தன. 1970-ல் ஜம்போ விமானம் சேவைக்கு வந்தபோது அந்த நிபுணருக்கு அதில் இடமில்லை. 1980-களில் எஞ்சினீயரின் ஆசனமும் போய், இரண்டு விமானிகள் மாத்திரம் எஞ்சினர். ஆசனத்தை எடுத்துவிட்டார்கள், அந்த ஆசனத்தின் கடமை எங்கும் போகவில்லை. அது இருவர் தலைமேலும் ஏறியது. அதைச் சுமக்க அவர்கள் பழக்கப்பட்டார்களா என்பதே கேள்வி.

1983-ம் ஆண்டு செப்டம்பர் 1-ந் தேதி, ஆங்கரேஜிலிருந்து ஸியோல் நகருக்குச் சென்ற கொரிய விமானம் தன் மார்க்கத்திலிருந்து நூற்றுக்கணக்கான மைல் விலகி, ஸோவியத் பிரதேசத்துக்கு மேல் சென்று சுட்டு வீழ்த்தப்பட்டது. 269 பேர் மாண்டனர். பிரயாணிகள் விமானத்தைச் சுட்டது எவ்விதத்திலும் மன்னிக்கத் தக்கதன்று; அதன் பயனாகவே 1984-ல் சிகாகோ உடன்படிக்கையில் சிவில் விமானங்கள் மீது ஆயுதம் பிரயோகிப்பதற்கு விரோதமான புதிய ஷரத்து சேர்க்கப்பட்டது. ஆனால் விமானம் அங்கே எப்படிப் போயிற்று? சர்வதேச ஸ்தாபனம் 1993-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, தானே ஓட்டும் யந்திரம் வழிகாட்டும் கருவியுடன் இணையாமல், ஒரே திசையைப் பிடித்துக்கொண்டு சென்றது. ஐந்து மணி நேரத்துக்கு மேலாக அதை ஒருவரும் கவனிக்கவில்லை. பழைய நிபுணர் ஒருவர் அங்கே இருந்து படத்தில் பென்ஸிலால் கோடு இழுத்திருந்தால், முதல் மணி நேரத்திலேயே தவறு வெளிப்பட்டிருக்கும்.

இன்று வட அட்லாண்டிக் மார்க்கத்தில் செல்லும் விமானிகளுக்கு இந்தப் பாடம் முறையாகவே போதிக்கப்படுகிறது. வழியிலுள்ள ஒவ்வொரு புள்ளியின் அட்சரேகை, தீர்க்கரேகைகளை ஒருவர் கருவியில் பதிக்க, மற்றவர் தனியாகச் சரிபார்க்கிறார். ஒரு புள்ளியைக் கடந்து சுமார் பத்து நிமிஷத்தில், விமானம் உண்மையில் எங்கே இருக்கிறது என்று படத்தில் குறித்துப் பார்க்கிறார்கள். கேட்க மிகவும் அற்பமான காரியம். ஆனால் காலியான ஆசனத்தின் கடமை இவ்வளவுதான்: கருவி சொல்வதைக் கருவியல்லாத ஒன்றைக்கொண்டு சரிபார்த்தல்.

நம் தேசத்து விமானம் ஒன்றின் கதியையும் இங்கே நினைக்கவேண்டும். 1978-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி இரவு பம்பாயிலிருந்து துபாய்க்குக் கிளம்பிய ஏர் இந்தியா ஜம்போ விமானம் இரண்டு நிமிஷத்துக்குள் அரபிக் கடலில் விழுந்து 213 பேர் இறந்தனர். காப்டனுக்கு எதிரே, விமானம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று காட்டும் கருவி கெட்டிருந்தது. அதே விஷயத்தைக் காட்டும் வேறு கருவிகள் அந்த அறையிலேயே சரியாக இருந்தன. வெளியே இருட்டுக் கடல், அடிவானம் தெரியவில்லை. பொய் சொன்ன ஒரு கருவியை நம்பி விமானம் இடப்புறம் சாய்க்கப்பட்டது. கரையைவிட்டு நெடுந்தூரம் போனால்தான் கடல் மார்க்கத்தின் சோதனை தொடங்கும் என்று எண்ணுகிறவர்களுக்கு இது பதில்.

2009-ம் ஆண்டு ஜூன் 1-ந் தேதி ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிஸுக்குச் சென்ற ஏர் பிரான்ஸ் விமானத்தின் விபத்து இன்னும் தெளிவான பாடம். அட்லாண்டிக்கின் மேல், வேகத்தை அளக்கும் குழாய்களில் பனி அடைத்தது. வேகம் தெரியாமல் போகவே, தானே ஓட்டும் யந்திரம் பொறுப்பை விமானிகளிடம் விட்டுவிட்டு விலகியது. காப்டன் அப்போது முறைப்படி ஓய்வில் இருந்தார். விமானத்தைக் கையில் எடுத்துக்கொண்டவர் அதன் மூக்கை மேலே தூக்கினார். விமானம் காற்றின் தாங்குதலை இழந்து விழத் தொடங்கியது. யந்திரம் விலகியதிலிருந்து விமானம் கடலில் மோதும் வரை நான்கரை நிமிஷம் கூட ஆகவில்லை. 228 பேர் மாண்டனர். எஞ்சின்கள் ஓடிக்கொண்டிருந்தன, குழாய்களின் அடைப்பும் சிறிது நேரத்தில் நீங்கிவிட்டது. மிக உயரத்தில், வேகம் தெரியாத நிலையில், விமானத்தைக் கையால் ஓட்டும் பயிற்சி அவ்விமானிகளுக்கு அளிக்கப்பட்டிருக்கவில்லை என்பதை பிரெஞ்சு விசாரணைக் குழு 2012-ம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையில் எடுத்துக்காட்டியது. அவர்களிடம் சான்றிதழ்கள் இருந்தன. ஆயிரக்கணக்கான மணி நேர அனுபவமும் இருந்தது. அந்த நான்கு நிமிஷத்துக்கு வேண்டிய பயிற்சி ஒன்றுதான் இல்லை.

இரண்டு எஞ்சின்களும் ஒரு பொறுப்பும்

இரண்டு எஞ்சின் உள்ள விமானம் எந்நேரமும் ஒரு விமான நிலையத்திலிருந்து 60 நிமிஷ தூரத்துக்குள் இருக்கவேண்டும் என்று 1953-ல் அமெரிக்கா விதி செய்தது. எஞ்சின்கள் நம்பத்தக்கவையாக ஆக ஆக அந்த எல்லை விரிந்தது. 1985-ல் 120 நிமிஷம். 1988-ல் 180 நிமிஷம். 2014-ல் ஒரு ஜாதி விமானத்துக்கு 370 நிமிஷம் வரை அனுமதி கிடைத்தது. யந்திரத்துக்குக் கிடைத்த கௌரவம் இது. ஆனால் இந்த அனுமதி யந்திரத்துக்கு மாத்திரம் உரியதன்று. கம்பெனியின் பராமரிப்பும் விமானிகளின் பயிற்சியும் அதன் நிபந்தனைகள். எந்த இடத்திலிருந்து முன்னே செல்வதும் பின்னே திரும்புவதும் சம நேரமாகும், ஒரு எஞ்சினுடன் தாழப் பறந்தால் எரிபொருள் எவ்வளவு செல்லும், ஒதுங்கவேண்டிய நிலையத்தில் வானிலை எப்படி இருக்கிறது என்பவற்றை ஒவ்வொரு நிமிஷமும் அறிந்திருக்கவேண்டியவர் விமானியே.

2001-ம் ஆண்டு ஆகஸ்டு 24-ந் தேதி டொராண்டோவிலிருந்து லிஸ்பனுக்கு 306 பேருடன் சென்ற ஏர் டிரான்ஸாட் விமானத்தில், பராமரிப்பில் பொருத்தப்பட்ட தவறான உறுப்பினால் எரிபொருள் ஒழுகியது. ஒரு பக்கத்தில் எண்ணெய் குறைவதைக் கண்ட விமானிகள், ஒழுக்கு என்று உணராமல், நல்ல பக்கத்து எண்ணெயையும் கெட்ட பக்கத்துக்குத் திறந்துவிட்டனர். அதுவும் கடலில் கொட்டியது. இரண்டு எஞ்சின்களும் நின்றன. பின்னர் காப்டன் ராபர்ட் பீஷே, எஞ்சின் அற்ற விமானத்தைச் சுமார் 19 நிமிஷம் காற்றில் மிதக்கவிட்டு, அஸோர்ஸ் தீவிலுள்ள லாஜெஸ் நிலையத்தில் இறக்கினார். எல்லோரும் உயிர் பிழைத்தனர். உலகம் அவரைக் கொண்டாடியது நியாயமே. எஞ்சின்கள் நிற்பதற்கு முன்பே லாஜெஸை நோக்கித் திரும்பியிருந்ததுதான் அவர்களைக் காப்பாற்றியது. ஆயினும் எரிபொருள் ஒழுக்குக்குரிய முறையை வரிவரியாகப் பின்பற்றியிருந்தால் அந்த வீரச்செயலுக்கே அவசியம் நேர்ந்திராது. வீரத்தைப் புகழ்கிற நாம் பயிற்சியை மறந்துவிடக் கூடாது.

பிரயாணிகளைப் பராமரிப்பவர்கள்

சிப்பந்திகள் என்றவுடன் விமானிகளை மட்டும் நினைப்பது தவறு. விமானம் நீரைத் தொட்ட பின்னர் உயிர் காப்பவர்கள் பிரயாணிகள் பகுதியில் பணிபுரியும் பெண்களும் ஆண்களுமே. 1996-ம் ஆண்டு நவம்பர் 23-ந் தேதி, கடத்தப்பட்ட எதியோப்பிய விமானம் எரிபொருள் தீர்ந்து கொமொரோ தீவுகளின் கரையோரம் கடலில் விழுந்தது. அதில் இருந்த 175 பேரில் 125 பேர் இறந்தனர். இறந்தவர்களில் பலர் மிதவைச் சட்டையை விமானத்துக்குள்ளேயே ஊதிக்கொண்டவர்கள். நீர் உள்ளே புகுந்ததும் சட்டை அவர்களை மேல் தளத்தோடு அழுத்திவிட, வாசலை அடைய முடியாமல் போயிற்று. சட்டை இருந்தது, விதி பூர்த்தியாகியிருந்தது. வெளியே வந்த பிறகே ஊதவேண்டும் என்ற ஒரு வாக்கியம் குழப்பத்தின் நடுவே மனத்தில் நிற்கவில்லை. 2009-ம் ஆண்டு ஜனவரி 15-ந் தேதி நியூயார்க்கில் ஹட்ஸன் நதியில் இறங்கிய விமானத்திலோ 155 பேரும் பிழைத்தனர். அந்த மார்க்கத்துக்குத் தேவையில்லாவிட்டாலும், கடல் பிரயாணத்துக்குரிய மிதவைகள் அவ்விமானத்தில் தற்செயலாக இருந்தன. விதி கேட்டதற்கு மேல் இருந்த பொருள் அன்று பலருக்குத் தோணியாயிற்று.

ஆட்சேபங்களும் பதிலும்

இன்றைய விமானப் பிரயாணம் முன்னெப்போதையும்விடப் பத்திரமானது. அரிதாக நேரும் விபத்தைக் காட்டிப் பயமுறுத்துவது சரியா என்று கேட்பவர்கள் உண்டு. பிரயாணம் பத்திரமாகியிருக்கிறது என்பதை நாம் முழு மனத்தோடு ஒப்புக்கொள்கிறோம். ஆபத்து அரிதாகிவிட்டதே நம் வாதத்துக்கு ஆதாரம். தினந்தோறும் புயலில் படகு ஓட்டியவனுக்குக் கடலே ஆசிரியன். பத்து ஆண்டுகளில் ஒரு தடவைகூடக் கெடுதலைக் காணாத விமானிக்கு ஆசிரியர் யார்? பயிற்சி அறையைத் தவிர வேறு கிடையாது. உபயோகிக்காத திறமை துருப்பிடிக்கும்.

ஜி.பி.எஸ். வந்தபின் வழி தவறுவது எப்படி என்றும் கேட்கலாம். அதற்கும் காலம் பதில் சொல்லிவிட்டது. 2023-ம் ஆண்டு முதல் மேற்கு ஆசியாவிலும் கருங்கடல் பகுதியிலும் பொய்யான சமிக்ஞைகள் விமானங்களின் கருவிகளைப் பலமுறை ஏமாற்றியிருக்கின்றன. விமானம் இருக்குமிடமே பொய்யாகக் காட்டப்படுகிறது. சில சமயம் கடிகாரமும் மாறிவிடுகிறது. ஒரு பிரதேசத்தில் இவ்வாறு கெட்ட கருவியுடன் விமானம் பிறகு கடலின் மேல் செல்ல நேரலாம். இது குறித்து நமது சிவில் விமான இலாகாவும் 2023 நவம்பரில் கம்பெனிகளுக்கு அறிவுரை அனுப்பியது. பென்ஸில் கோட்டின் காலம் போய்விட்டது என்று சொல்வதற்கு இன்னும் வேளை வரவில்லை.

மூன்றாவது ஆட்சேபம் பணத்தைப் பற்றியது. இதுதான் வெளியே சொல்லப்படாமல் மற்றவற்றை நடத்திச் செல்வது. 2023-ல் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும், இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தன. விமானங்கள் வர வர, அவற்றுக்கு விமானிகள் அவசரமாக வேண்டும். அவசரம் வந்தால் பயிற்சி நாட்களைக் குறைக்கச் சொல்லும் குரலும் கூடவே வரும். விமானத்தை விலை கொடுத்து வாங்கலாம். கடலைத் தாண்டும் காப்டனை அப்படி வாங்க முடியாது, வளர்க்கத்தான் வேண்டும்.

செய்யவேண்டியது

1934-ம் ஆண்டின் விமானச் சட்டத்தை நீக்கிவிட்டு, 2024-ல் நமது பார்லிமெண்டு புதிய சட்டம் செய்தது. அது 2025 ஜனவரி முதல் அமலில் இருக்கிறது. சட்டம் புதிதாகியிருக்கும்போது விதிகளையும் ஊன்றிப் பார்ப்பது எளிது. நாம் கோருவன நான்கு.

முதலாவது, கடல் மார்க்கத்துக்குரிய யோக்கியதை பொதுச் சான்றிதழில் கரைந்துபோகாமல், தனியே எழுதப்பட்டு, தனியே பரீக்ஷிக்கப்பட வேண்டும். பரீக்ஷகர் அந்தக் கம்பெனியின் சம்பளத்தை எதிர்பார்ப்பவராக இருத்தல் கூடாது.

இரண்டாவது, பன்னிரண்டு மாதத்தில் ஒரு பிரயாணம் என்ற கணக்கோடு நிற்காமல், யந்திரம் விலகினால், வேகம் தெரியாமல் போனால், இருப்பிடம் பொய்யாகக் காட்டப்பட்டால், எரிபொருள் ஒழுகினால் என்ன செய்வது என்பதை ஆண்டுதோறும் பயிற்சிக் கூண்டில் கையால் செய்து காட்ட வேண்டும். பார்த்துக்கொண்டிருந்தவரைச் செய்தவராகக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

மூன்றாவது, பிரயாணிகளைப் பராமரிக்கும் சிப்பந்திகள் மிதவைகளைப் படத்தில் காண்பதோடு நில்லாமல், உண்மையான நீரில் இறங்கிப் பழக வேண்டும். சில நாடுகளில் இது ஏற்கெனவே கட்டாயம்.

நான்காவது, கடல் மார்க்கங்களில் நேரும் வழித்தவறுகளும் கருவிக் கோளாறுகளும், உயிர்ச்சேதம் இல்லாவிட்டாலும், ஆண்டுதோறும் பிரசுரிக்கப்பட வேண்டும். 1956-ல் காப்டன் ஆக் 31 பேரைக் காப்பாற்றியதற்கு ஒரு காரணம் முந்திய விபத்தின் விவரம் அவருக்கு எட்டியிருந்தது. இலாகாவின் அலமாரியில் பூட்டி வைத்த விவரம் எந்த விமானிக்கும் உதவாது.

இவற்றில் ஒன்றுகூடப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஒவ்வொன்றுக்கும் எங்கோ ஒரு கடலில் விலை கொடுத்தாகிவிட்டது. அந்த விலையை இன்னொரு முறை நமது ஜனங்கள் கொடுக்காமல் இருப்பதற்கு, பார்லிமெண்டில் நம் பிரதிநிதிகள் எழுந்து இந்த நான்கையும் கேள்விகளாகக் கேட்க வேண்டும். அவர்களைக் கேட்கச் செய்யவேண்டியவர்கள் இப்பத்திரிகையைப் படிப்பவர்களே. அடுத்த கூட்டத் தொடருக்கு முன் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் ஒரு கடிதமாவது செல்லட்டும்.